கார் உட்புறத் துணைப்பொருட்கள்: கழற்ற முடிவதும் கழற்ற முடியாததும்

புதிய கார் வாங்கிய முதல் வாரத்திலேயே சீட் கவர், தரை மேட், பெரிய தொடுதிரை, சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம், அலங்கார விளக்கு என்று ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. அவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் நிறத்தையும் விலையையும் வடிவப் பொருத்தத்தையும்தான் பார்க்கிறார்கள். அவற்றுக்கு முன்பாக வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து: இந்தப் பொருளை நாளைக்கே கழற்றினால், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அப்படியே திரும்புமா? திரும்பும் என்றால், தேர்வு தவறிப்போனாலும் இழப்பு அந்தப் பொருளின் விலையோடு முடிந்துவிடும். திரும்பாது என்றால், ஒயரிங்கோ தரைக் கார்ப்பெட்டோ சீட்டின் தையலோ மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த மாற்றத்தைச் செய்யும் அளவுக்கு அந்தப் பொருள் பயனுள்ளதா என்பதைத் தனியே எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலுக்குள் அடங்காத பொருள் ஒன்று உண்டு. தரை மேட்டை ஒரு நொடியில் கழற்றிவிடலாம்; ஆனாலும் தவறான மேட் உயிரைப் பறிக்கக்கூடியது. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்ஸஸ் ஈஎஸ் 350 கார் ஒன்று வேகத்தைக் குறைக்க முடியாமல் விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்தனர். வேறொரு மாடலுக்கான தடித்த ரப்பர் மேட் அந்த வண்டியில் போடப்பட்டிருந்ததும், ஆக்சிலரேட்டர் மிதி அதில் சிக்கிக்கொண்டதும் விசாரணையில் தெரியவந்தன. அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டது. மேட் வாங்கும்போது விலையையும் தடிமனையும் பார்ப்பதற்கு முன் இந்த நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேட்டில் இன்று நான்கு வழிகள் உள்ளன. வண்டியோடு வரும் கார்ப்பெட் மேட் மெல்லியது, மிதிகளுக்கு இடைஞ்சல் தராதது. ஆனால் சேற்றையும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு மெதுவாகவே காயும். சாதாரண ரப்பர் மேட் கழுவ எளிது. தரம் குறைந்ததாக இருந்தால் வெயிலில் நாற்றம் வீசும், ஓரங்கள் சுருண்டு எழும். மாடலுக்கென்றே அச்சில் வார்க்கப்பட்ட டிபிஇ (ரப்பர் போல வளையும் ஒருவகை பிளாஸ்டிக்) மேட் தட்டு போல ஓரம் உயர்ந்திருப்பதால் சிந்திய நீரை ஏந்திக்கொள்ளும். வெயிலில் நாற்றமும் அவ்வளவாக இல்லை. பல அடுக்குகளாகத் தைக்கப்பட்டுப் பக்கச் சுவர் வரை ஏறிச்செல்லும் செயற்கைத் தோல் மேட் பார்வைக்கு மிக அழகானது, ஆனால் தடிமன் அதிகம். சில தயாரிப்புகள் தரையில் உள்ள கொக்கியை மூடிவிடுகின்றன. என் தேர்வு, மாடலுக்கென வார்க்கப்பட்டு, நிறுவனம் கொடுத்துள்ள கொக்கியிலேயே மாட்டிக்கொள்ளும் டிபிஇ மேட். எதை வாங்கினாலும், எஞ்சினை அணைத்த நிலையில் ஆக்சிலரேட்டர் மிதியைத் தரை வரை அழுத்திப் பார்க்க வேண்டும். மிதியின் கீழ் விளிம்பு மேட்டில் உரசக் கூடாது. மேட்டைக் கையால் முன்னோக்கித் தள்ளி மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட் போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

தரை முழுவதையும் ரெக்ஸினால் மூடி ஒட்டும் வேலையை நான் மேட் என்றே கருதுவதில்லை. அது வண்டியை மாற்றும் வேலை. என் முந்தைய வண்டியில் அதைச் செய்திருந்தேன். ஏசியின் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, முன் பயணியின் காலடியில் நீர் இறங்கத் தொடங்கியபோது மேலே ஈரம் துளியும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து நாற்றம் தாங்காமல் பிரித்துப் பார்த்தபோது அடியில் இருந்த பஞ்சு முழுவதும் ஊறியிருந்தது, சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்களில் துரு ஏறியிருந்தது. சாதாரணக் கார்ப்பெட்டாக இருந்திருந்தால் முதல் நாளே கால் நனைந்து தெரிந்திருக்கும். இந்த வேலைக்குச் சீட்டுகளைக் கழற்ற வேண்டியிருப்பதும், சீட்டுக்கு அடியில் ஏர்பேக்கிற்கும் சீட் பெல்ட்டிற்கும் செல்லும் மஞ்சள் நிறக் கப்ளர்களை, அதாவது ஒயர் இணைப்பிகளை, பிரிக்க வேண்டியிருப்பதும் கூடுதல் காரணங்கள். காரின் தரையோரமாக ஒயர்க் கட்டுகளும் ஓடுகின்றன. அவற்றை ஈரத்தோடு பூட்டிவைப்பது சிக்கலை நாமே விலைக்கு வாங்குவதாகும்.

சீட் கவரில்தான் தேர்வு உண்மையிலேயே கடினம். இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்; மேலே மாட்டும் துணிக் கவர் போடலாம்; அளவெடுத்துத் தைத்த செயற்கைத் தோல் கவர் போடலாம்; அல்லது தொழிற்சாலைத் துணியையே உரித்துவிட்டுப் புதிய தோலைத் தைத்து ஏற்றலாம். இவற்றில் கடைசி வழி மட்டுமே திரும்பி வர முடியாதது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது சீட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்பதைத்தான். முன் சீட்டின் சாய்மானத்தில், கதவை ஒட்டிய ஓரத்தில் ஏர்பேக் என்ற எழுத்தோ சின்னமோ கொண்ட சிறு பட்டை தைக்கப்பட்டிருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்த மடிப்புக்குள் இருக்கிறது. கதவுக்கும் உடலுக்கும் இடையே சில அங்குலங்களே இருப்பதால், மோதல் நேர்ந்த சுமார் 20 மில்லிநொடிக்குள் அது தையலைக் கிழித்துக்கொண்டு விரிந்தாக வேண்டும். அதன் மேல் தடித்த தோலை உறுதியான நூலால் சுற்றித் தைத்துவிட்டால், பை தாமதமாகவோ தவறான திசையிலோ விரியக்கூடும்.

ஏர்பேக்கிற்கு ஏற்றது என்று விற்கப்படும் கவர்கள் இரு வகை. ஒன்றில் அந்த ஓரம் முழுவதும் வெட்டித் திறந்தே விடப்பட்டிருக்கும். மற்றொன்றில் அந்த இடத்தை மட்டும் எளிதில் அறுந்துவிடும் தனி நூலால் தைத்திருப்பார்கள். முதல் வகையைக் கண்ணாலேயே சோதித்துவிடலாம். இரண்டாம் வகையில் நூலின் வலிமையை நாம் சோதிக்க முடியாது, தயாரிப்பாளரின் சோதனையை நம்பியே வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே கார் நிறுவனமே அந்த மாடலுக்கென விற்கும் கவரில் மட்டும் இரண்டாம் வகையை ஏற்பேன். வெளியில் தைத்து வாங்குவதானால் ஓரம் திறந்த கவரே போதும், அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பக்கவாட்டு ஏர்பேக்கே இல்லாத வண்டியில் இந்தக் கவலை முழுவதுமாக நீங்குகிறது, அங்கு விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம்.

துணி எது என்பது அடுத்த கேள்வி. ரெக்ஸின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பிவிசி பூச்சுத் துணி உறுதியானது, துடைக்க எளிது. ஆனால் காற்றே புகாது. பியூ எனப்படும் பாலியுரேத்தேன் பூச்சு தொடுவதற்கு மென்மையாகத் தோலைப் போலவே இருக்கும். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டுப்பட்டுச் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்குவது அதன் குறை. உண்மைத் தோல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அவ்வப்போது அதற்கான எண்ணெய்ப் பசையிட்டுப் பராமரிக்காவிட்டால் வெடிக்கும். அடர்த்தியாக நெய்த துணிக் கவரில் கறை படியும். ஆனால் முதுகு வியர்ப்பதும் வெயிலில் சுடுவதும் அதில்தான் மிகக் குறைவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்ட கார்களில் சீட் சராசரியாக 51 டிகிரி செல்சியஸுக்கும், ஸ்டீரிங் 53க்கும், டாஷ்போர்டு 69க்கும் சூடேறின. கருநிறச் செயற்கைத் தோலின் மேல் அந்தச் சூட்டில் உட்கார வேண்டியவர் யார் என்று நினைத்துப் பார்த்தால், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், தேர்வு தானாகவே துணியின் பக்கமோ வெளிர் நிறத்தின் பக்கமோ சாய்ந்துவிடும்.

காற்று வரும் துளைகள் கொண்ட சீட்டுக்கு எந்தக் கவரும் வேண்டாம். பணம் கொடுத்து வாங்கிய வசதியை மூடிவிடுவதுதான் நடக்கும். முன் பயணி சீட்டுக்கு அடியில் எடையை உணரும் பட்டை உள்ள வண்டிகளில் தடித்த மெத்தையோ இறுக்கமான கவரோ அந்த உணர்வியைக் குழப்பக்கூடும். அங்கு உட்கார்ந்திருப்பவர் பெரியவரா குழந்தையா என்பதை வைத்தே ஏர்பேக் விரிவதா வேண்டாமா என்பதை வண்டி முடிவு செய்கிறது என்பதால் இது சிறிய விஷயமல்ல. பின் சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளையும் சீட் பெல்ட் பூட்டுகளையும் கவர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டு உள்ளே புதைந்துபோன பின் சீட்டில் யாரும் பெல்ட் போடுவதில்லை என்பதை நான் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன்.

ஸ்டீரிங் கவரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மேலே மாட்டும் வளையம் வெயிலில் தளர்ந்து சுழலக்கூடும். திருப்பத்தில் கை வளையத்தோடு சுழன்று, சக்கரம் அப்படியே நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஊசி நூலால் ஸ்டீரிங்கோடு இறுக்கித் தைக்கும் மெல்லிய தோல் உறை மட்டுமே ஏற்கத்தக்கது. ஸ்டீரிங்கின் நடுவில் கல் பதித்த சின்னங்களை ஒட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஏர்பேக் விரிந்தபோது அத்தகைய சின்னம் தெறித்து ஓர் ஓட்டுநரின் ஒரு கண் பார்வை பறிபோனதைத் தொடர்ந்து, அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பயணி பக்க டாஷ்போர்டின் மேல் பொம்மையையோ சிலையையோ ஒட்டுவதற்கும் இதே காரணம் பொருந்தும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் டாஷ்போர்டின் நடுவில், பார்வையை மறைக்காத சிறியதொன்று போதும்.

இனி ஒயர் சம்பந்தப்பட்டவை. பழைய இசைப்பெட்டியை நீக்கிவிட்டுப் பெரிய ஆண்ட்ராய்டு திரை பொருத்துவதே பலரின் முதல் ஆசை. அங்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, அவற்றின் பின்விளைவுகள் வெகுவாக வேறுபடுபவை. மொபைலின் வரைபடத்தையும் இசையையும் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே 2014லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015லும் வந்தன. அவை ஏற்கெனவே இருக்கும் திரையில், கேபிள் மூலமாக மட்டும் இயங்குகின்றன என்பதே உங்கள் குறை என்றால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய ஒயர்லெஸ் அடாப்டர் அதைத் தீர்த்துவிடும். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். வண்டியில் திரையே இல்லை, வழிகாட்டும் வரைபடம் மட்டும் போதும் என்றால், நல்ல மொபைல் தாங்கியும் சார்ஜரும் பாதி வேலையை முடித்துவிடும். இவை இரண்டும் போதாதபோதுதான் இசைப்பெட்டியும் திரையும் சேர்ந்த ஹெட் யூனிட்டை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால், மாடலுக்குரிய கப்ளரும், வண்டியின் தகவல்களை யூனிட்டுக்குப் புரியவைக்கும் கேன் டீகோடர் பெட்டியும் சேர்ந்து வரும் யூனிட்டுக்கும், வெறும் ஒயர் முனைகளோடு வரும் யூனிட்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. இன்றைய வண்டிகளில் ஸ்டீரிங் பொத்தான்களும் ரிவர்ஸ் கேமராவும் பார்க்கிங் சென்சாரின் ஒலியும், சில மாடல்களில் ஏசி அமைப்புகளும்கூட அந்தத் திரை வழியாகவே இயங்குகின்றன. அவை கேன் எனப்படும் பொதுத் தகவல் இணைப்பில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கப்ளரோடு வரும் யூனிட்டைச் செருகினால் போதும், விற்கும் நாளில் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். வெறும் முனையோடு வருவதற்கு வண்டியின் ஒயரை வெட்டி, உரித்து, முறுக்கி, டேப் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் டாஷ்போர்டின் சூட்டில் பசை உருகி நழுவும். சில மாதங்களில் இணைப்பு வெளியே எட்டிப்பார்க்கும். ஒயர் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டால் மின்கோளாறுக்கான வாரண்டி உரிமையில் நிறுவனம் கேள்வி எழுப்பும், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: கப்ளர் கிடைக்காத மாடலுக்கு ஹெட் யூனிட் மாற்றமே வேண்டாம்.

டேஷ்கேமுக்கு மின்சாரம் எடுக்கும் வழியை ஒப்பிடும்போது சிறு கணக்கு ஒன்று தேவைப்படுகிறது. லைட்டர் துளையில் செருகுவது எளிதானது. பல வண்டிகளில் சாவியை அணைத்ததும் மின்சாரம் நின்றுவிடுவதால் பேட்டரிக்கும் தொல்லையில்லை, ஒயர் தொங்குவது மட்டுமே குறை. பணிமனையில் கோளாறைக் கண்டறியும் கருவியைச் செருகும் ஓபிடி துளையில் எப்போதும் 12 வோல்ட் இருக்கிறது. அங்கு செருகும் கருவி வண்டி உறங்கும்போதும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், பணிமனையில் சோதனை செய்யும் நாளில் இடைஞ்சலாகவும் இருக்கும். ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் டேப் என்னும் துண்டைச் செருகி அங்கிருந்து எடுப்பதே சீரானது. எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. கேமராவுக்கென்று 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தனியே இருக்கும். வேண்டாமென்றால் பிடுங்கிவிட்டுப் பழைய ஃபியூஸைச் செருகலாம். ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸைத் தொடக் கூடாது. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் கொண்டதைப் போடுவது இன்னும் மோசமான வழக்கம். ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. 10 ஆம்பியருக்கென்று போட்ட ஒயரில் 20 ஆம்பியர் ஓட விட்டால், உருகுவது ஒயரின் உறையாகத்தான் இருக்கும்.

நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் வசதி வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. கேமரா 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணிப் பேட்டரி மூன்றே நாளில் ஏறத்தாழப் பாதி காலியாகிவிடும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது பொருட்டல்ல. வாரம் ஒருமுறை வண்டியை எடுப்பவர் அந்த வசதியைக் கைவிடுவதே நல்லது, அல்லது மின்னழுத்தம் குறைந்ததும் தானாக நின்றுவிடும் கட்-ஆஃப் கொண்ட இணைப்பை வாங்க வேண்டும். கேமராவிலும் லித்தியம் பேட்டரி உள்ளதைவிட சூப்பர் கெபாசிட்டர் என்னும் மின்தேக்கி உள்ளதைத் தேர்வது சரி. கண்ணாடியை ஒட்டிய வெயிலில் லித்தியம் பேட்டரி உப்பிப்போகும். ஒயரை முன்தூணின் உறைக்குள் செருகும்போது, அங்கு மடித்து வைக்கப்பட்டிருக்கும், பக்கக் கண்ணாடியின் மேல் திரைச்சீலை போல விரியும் ஏர்பேக்கின் முன்புறமாக ஒயர் குறுக்கே செல்லாமல் அதன் பின்புறமாகச் செல்ல வேண்டும். பொருத்துபவரிடம் இதைத் தனியே கேட்டுக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அலங்கார எல்இடி பட்டைகளை நான் வேண்டாம் என்றே சொல்வேன். இரவில் உள்ளே ஒளி கூடக் கூட, வெளியே இருளில் நடப்பவர் கண்ணுக்குத் தெரிவது குறையும், முன்கண்ணாடியில் பிரதிபலிப்பும் விழும். கதவுக்குள் ஒலி தடுக்கும் பியூட்டைல் தாள் ஒட்டுவது பயனுள்ள வேலை. ஒட்டிய பின் பிரிப்பது கடினம் என்றாலும் அதற்குரிய பலன் கிடைக்கிறது. தார் கலந்த மலிவான தாளாக இல்லாமலும், கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகள் மூடப்படாமலும் இருந்தால் போதும். சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காக விற்கப்படும் வெறும் பூட்டு நாக்கைத் துணைப்பொருள் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

யாரிடம் பொருத்துவது என்பதிலும் ஒரே விடை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கார் விற்பனை நிலையத்தில் விலை கூடுதல், தேர்வும் குறைவு. ஆனால் நிறுவனத்தின் அசல் துணைப்பொருளை அங்கே பொருத்தினால் வாரண்டி பற்றிய சச்சரவு எழுவதில்லை. அதே நிலையத்தார் வெளியாள் ஒருவரை வரவழைத்து வெளிப்பொருளைப் பொருத்துவதும் நடக்கிறது. ஆகவே பில்லில் நிறுவனத்தின் பாகம் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிக் கடையில் விலையும் வகையும் சாதகம், வேலை செய்பவரின் கைத்திறனே எல்லாம். அவர் ஒயரை வெட்டக் கத்தியை எடுக்கிறாரா, கப்ளரைத் தேடுகிறாரா என்பதை முந்தைய வாடிக்கையாளரின் வண்டியில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். மேட், மாட்டும் கவர், யுஎஸ்பி அடாப்டர், லைட்டர் துளைக் கேமரா ஆகியவற்றுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. ஏர்பேக் ஒயர் செல்லும் இடம் எதுவானாலும் நாமே முயலக் கூடாது. சீட்டையோ ஸ்டீரிங்கையோ கழற்ற வேண்டிய வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

வண்டியைத் திரும்பப் பெறும்போது அங்கேயே நின்று சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் தவறு, எரியவே இல்லையென்றாலும் தவறு. ஸ்டீரிங் பொத்தான்கள், ஹார்ன், ரிவர்ஸ் கேமரா, எல்லாக் கண்ணாடிகளின் ஏற்ற இறக்கம், பின் சீட்டின் மடிப்பு, ஒவ்வொரு பெல்ட் பூட்டு என்று ஒன்றையும் விடாமல் இயக்கிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒயர் வேலை நடந்திருந்தால், அன்றிரவு வண்டியைப் பூட்டி விட்டுவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஓர் இரவில் 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால், புதிதாகப் பொருத்திய ஏதோ ஒன்று அணையாமல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும், வண்டியை அன்றே பொருத்தியவரிடம் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.